நான்கு குரலும் ஒரு காந்தாரமும்: மட்டக்களப்பில் உருவான பார்பர்ஷொப் பாடகர் குழு பற்றிய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு நகரிலிருந்தும் அதனைச் சூழவுள்ள கிராமங்களிலிருந்தும் வந்த, 16 முதல் 23 வயது வரையான இளைஞர் யுவதிகள் சிலர், பக்கவாத்தியம் எதுவுமின்றி நான்கு குரல்களில் பாடும் பார்பர்ஷொப் இசையைப் பயின்று மேடையேற்றியதை இந்த ஆய்வு பதிவு செய்கிறது. இசை ஆசிரியர் என்ற முறையில் நான் அவர்களுடைய ஒத்திகைகளில் உடனிருந்தேன். பாடியவர்களின் பெயர்களை இங்கு தவிர்த்திருக்கிறேன். மேலைத்தேய இசைப் பயிற்சி போதாது என்பதே இத்தகைய முயற்சிக்குப் பெருந்தடையாக இருக்கும் என்று தொடக்கத்தில் பலரும் கூறினர். நடந்தது வேறு. இந்தப் பிள்ளைகளின் காது ஏற்கெனவே பண்பட்டிருந்தது. கோயிலிலும் கூத்துக் களரியிலும் சங்கீத வகுப்பிலும் அது வளர்ந்திருந்தது. அந்தக் காதை நம்பாமல் கீபோர்ட்டை நம்பியதே முதல் சில மாதங்கள் குரல்கள் ஒட்டாமல் போனதற்குக் காரணம் என்பது என் உறுதியான முடிபு.

பார்பர்ஷொப் இசையில் பாட்டின் மெட்டை லீட் என்னும் குரல் பாடும். அதற்கு மேலே டெனர் மெல்லிதாக இழையும். கீழே பேஸ் அடித்தளமாக நிற்கும். பரிடோன் சில இடங்களில் லீட்டுக்கு மேலாகவும் சில இடங்களில் கீழாகவும் நகர்ந்து, கோர்ட்டில், அதாவது ஒருசேர ஒலிக்கும் சுரங்களின் தொகுதியில், விடுபட்டிருக்கும் சுரத்தை நிரப்பும். நான்கு குரலும் பெரும்பாலும் ஒரே சொல்லை ஒரே கணத்தில் உச்சரிப்பதும், ஏறக்குறைய ஒவ்வொரு அசையிலும் முழுமையான நாற்சுரக் கோர்ட் ஒலிப்பதும் இவ்விசையின் இலக்கணம். தேவாலயப் பாடகர் குழாம்களில் மெட்டு வழக்கமாக மேல் குரலான சொப்ரானோவிடம் இருக்கும். இங்கே மெட்டு நடுவில் இருக்கிறது. இந்த ஒரு மாற்றமே, தேவாலயத்தில் பல ஆண்டு பாடிப் பழகிய பிள்ளைகளையும் முதல் நாளில் தடுமாற வைத்தது; மேலே பாடுகிறவர் தம்மையறியாமல் தலைமை ஏற்றுக்கொண்டு லீட்டை மூடிவிடுவார்.

இந்த இசையின் வரலாற்றையும் குழு ஒரு மாலை முழுவதும் இருந்து பேசியது. 1938 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் உள்ள துல்சா நகரில், ஓவன் கேஷ், ரூபர்ட் ஹோல் ஆகிய இருவரின் அழைப்பை ஏற்று 26 ஆண்கள் ஒரு கழகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் கூடிப் பாடியதிலிருந்து இவ்விசைக்கான சங்கம் தொடங்குகிறது. ஆனால் இசை அதற்கும் பல பத்தாண்டுகள் மூத்தது. கறுப்பின மக்களின் முடிதிருத்தும் கடைகளிலும் தெருமுனைகளிலும் இளைஞர்கள் கூடி, ஒருவர் மெட்டைப் பிடிக்க மற்றவர்கள் காதால் தேடித்தேடிக் குரல் சேர்த்த வழக்கத்திலேயே அதன் வேர் இருப்பதை லின் அபொட் என்னும் ஆய்வாளர் 1992இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அப்படியிருந்தும் 1941இல், நியூயோர்க் போட்டியில் வென்ற கறுப்பினத்தவரின் நால்வர் குழுவொன்று தேசியப் போட்டியில் பாட அனுமதிக்கப்படவில்லை. நிறத் தடை 1963இல்தான் நீங்கியது. பெண்கள் 1945இலேயே தமக்கெனத் தனி அமைப்பைத் தொடங்கியிருந்தனர். ஆண்களின் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 2018இல்.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. குழுவின் பெயரில் ‘பார்பர்’ என்ற சொல் இருப்பதைக் கேட்டு, பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். வேறு நல்ல பெயர் வைக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அந்தச் சுளிப்பு சாதிப் பார்வையிலிருந்து வந்தது என்பதை மூடி மறைக்க வேண்டியதில்லை. யாருடைய கடையில் பிறந்ததோ அவர்களையே வெளியே நிறுத்திய ஒரு வரலாற்றைப் படித்துவிட்டு, அதே வேலையை நம் ஊரில் வேறு வடிவில் செய்வதில்லை என்று பிள்ளைகள் தீர்மானித்தனர். பெயர் மாறவில்லை. அதன் பொருட்டு ஒரு மாணவியை வீட்டார் நிறுத்திக்கொண்டதும் உண்மை. அந்த இழப்பு எனக்கு இன்னும் வருத்தந்தான். ஆயினும் அவர்கள் எடுத்த முடிவு சரியானதே.

குரல்கள் வந்த வழி

குழுவில் மூன்று வகையான பாட்டுப் பின்னணி கலந்திருந்தது. புளியந்தீவையும் அதன் அயலையும் சேர்ந்த கத்தோலிக்க, மெதடிஸ்த பிள்ளைகளுக்கு நத்தார் கால கரோல்களின் வழியாகப் பல குரல் பாடல் ஓரளவு பழக்கம். கல்லடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் கர்நாடக சங்கீதமும் வயலினும் பயின்றவர்கள். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் கூத்துக் குடும்பங்களில் வளர்ந்தவர்கள். கூத்து ஆசானான அண்ணாவியாருக்குப் பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடியே தொண்டை திறந்தவர்கள்.

குரல் பிரிக்கும்போது கூத்துப் பிள்ளைகளை அவர்கள் உரத்துப் பாடுகிறார்கள் என்பதற்காகப் பேஸில் போடலாம் என்று முதலில் யோசனை கூறப்பட்டது. பாடச் சொல்லிக் கேட்டதும் அந்த யோசனை கைவிடப்பட்டது. திறந்த களரியில் மத்தளத்தையும் சல்லாரியையும் மீறிக் கேட்க வேண்டிய குரல் இயல்பாகவே மேல் சுருதியில் நெஞ்சுக் குரலாக நிற்கும்; அது லீட்டுக்கு உரிய குரல். தாழ்ந்த குரல் கொண்ட இரண்டு யுவதிகளும் அதே உயரத்தில் அவர்களோடு சேர்ந்து லீட் பாடினர். மேல் குரல் யுவதிகள் டெனரை ஏற்றனர். பேஸ் பாடியவர்கள் தேவாலயத்திலிருந்து வந்த இளைஞர்கள். பதினேழு, பதினெட்டு வயதில் உண்மையான பேஸ் குரல் அரிது என்பதால், பாட்டின் சுருதியையே இரண்டு சுரத்தானம், அதாவது கீபோர்ட்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டை அளவு, உயர்த்த வேண்டியிருந்தது. வேறோர் இடத்தில் இது லீட்டைத் திணறடித்திருக்கும். இங்கே கூத்துக் குரல்களுக்கு அந்த உயரமே வசதியாக அமைந்தது.

பரிடோனுக்கு வர எவருக்கும் விருப்பமில்லை. தனியே பாடினால் அது பாட்டாகவே இருக்காது. ஒரே சுரத்தில் நிற்கும், திடீரென்று தாவும், மீண்டும் நிற்கும். இறுதியில் தேவாலயத்தில் ஓகன் வாசிக்கும் ஓர் இளைஞரும் வயலின் மாணவர் ஒருவரும் அதை எடுத்துக்கொண்டனர். குழுவிலேயே மற்றவர்களை அதிகம் கேட்டுப் பாடியவர்கள் இந்த இருவருமே என்பதை ஒலிப்பதிவுகள் பின்னர் காட்டின; அவர்கள் வராத நாட்களில் குழு முழுவதும் சுருதி இறங்கியது.

காந்தாரம் ஏறி நின்றது

முதல் மாதங்களில் ஒவ்வொரு குரலுக்குமான சுரங்களை கீபோர்ட்டில் வாசித்துக் காட்டி, அதன்படி பாடவைத்தோம். தனித்தனியே பாடும்போது பிழை எதுவும் இல்லை. சேர்ந்து பாடினால் ஒலி மங்கலாக, தடித்துக் கேட்டது. இவ்விசையைப் பாடுகிறவர்கள் கோர்ட் ‘மணியாக ஒலிக்கிறது’ என்ற பொருளில் பேசும் அந்த மணி நாதம், பாடாத ஒரு மேல் சுரம் தலைக்கு மேலே தானாகக் கேட்கும் நிலை, ஒருமுறைகூட வரவில்லை.

கல்லடியிலிருந்து வந்த வயலின் மாணவி ஒரு ஞாயிற்றுக்கிழமை தயக்கத்தோடு சொன்னார்: “சேர், கீபோர்ட் குடுக்கிற காந்தாரம் கொஞ்சம் ஏறி நிக்குது. தம்புராவில இது இப்பிடி வராது.” நான்கு சுரங்களில் எது பிசகு என்று அவர் தேடவேயில்லை, நேரே அந்தர காந்தாரத்தை, அதாவது ச, ரி, க வரிசையின் ‘க’ சுரத்தை, காட்டினார். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த மற்றொருவர் உடனே கணக்கைப் பலகையில் எழுதினார். அந்தக் கணக்கை அப்படியே தருகிறேன், ஏனெனில் குழுவின் போக்கை மாற்றியது அதுதான்.

பேஸ் வினாடிக்கு 200 அதிர்வில் சட்ஜமம் (ச) பாடுவதாகக் கொள்வோம். 4:5:6:7 என்ற இயல்பான விகிதத்தில் காந்தாரம் (க) 250, பஞ்சமம் (ப) 300, பார்பர்ஷொப் கோர்ட்டுக்கு உரிய நிஷாதம் (நி) 350. கீபோர்ட்டோ ஒரு ஸ்தாயியை (ச முதல் மேல் ச வரை) 12 சம பங்காக வெட்டியே சுரங்களை வைத்திருக்கிறது. எனவே அதில் காந்தாரம் ஏறக்குறைய 252, நிஷாதம் ஏறக்குறைய 356. மனிதக் குரலில் அடிப்படை அதிர்வோடு அதன் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளும் கலந்தே ஒலிக்கும். பேஸின் ஐந்து மடங்கு 1000. காந்தாரம் 250இல் நின்றால் அதன் நான்கு மடங்கும் 1000. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி வலுப்பெறும். காந்தாரம் 252இல் நின்றால் அதே இடத்தில் 1008 வரும். இரண்டும் உரசி, வினாடிக்கு எட்டு அடிப்புகளை, அதாவது ஒலி ஏறி இறங்கும் துடிப்புகளை, தரும். பாடத்தில் அடிப்பு என்று படித்ததுதான் இத்தனை நாளும் எங்கள் மண்டபத்தில் மங்கலாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவின் மந்தர சட்ஜமத் தந்தியை மீட்டும்போது, எவரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக மேலே கேட்கும். சங்கீதம் பயின்றவர்கள் அதைச் சுயம்பு காந்தாரம் என்பார்கள். பேஸின் ஐந்து மடங்கும் அதே காந்தாரமே. அதாவது, இந்தப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சிறு வயது முதல் கேட்டு வந்த சுரத்தையே பார்பர்ஷொப் கேட்கிறது.

அன்று முதல் கீபோர்ட் மூடப்பட்டது. தொடக்கச் சுருதியை மட்டும் ஒரு சிறு ஊதுகுழலில் எடுத்துக்கொண்டு, சுருதிப்பெட்டியைச் ச, ப என்று வைத்துப் பயிற்சி தொடங்கினோம். முதலில் பேஸ் சட்ஜமத்தில் நிற்கும். லீட் பஞ்சமத்தைச் சேர்க்கும். இரண்டும் அசையாமல் இறுகிய பின்னரே பரிடோன் காந்தாரத்தைக் கீழிருந்து மெல்ல ஏற்றி, அடிப்பு மறையும் இடத்தில் நிறுத்தும். இப்படிக் காந்தாரம் முதன்முதலாகச் சரியாக நின்ற நாளில், டெனர் பாடத் தொடங்கும் முன்பே மேலே ஒரு குரல் கேட்டது. டெனர் வரிசையில் நின்ற யுவதிகள் தங்களில் யார் முந்திப் பாடியது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். எவரும் பாடவில்லை.

நிஷாதம் இதைவிடக் கடினமாக இருந்தது. ச, க, ப, நி என்ற இந்த நான்கு சுரமும் அரிகாம்போதி இராகத்தில் உள்ளவையே. ஆனால் சங்கீத மாணவருக்குக் கைசிகி நிஷாதம் கமகத்தோடு அசைந்து வரும் சுரம், அதை அசைக்காமல் நீட்டிப் பிடிப்பது அவர்கள் பழகியதற்கு எதிரானது. அதோடு 4:5:6:7 கோர்ட்டின் நிஷாதம் கீபோர்ட்டில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு சுரத்தானம் தாழ்ந்தது. கூத்துப் பிள்ளைகள் இதில் முந்திக்கொண்டது எனக்கு வியப்பாக இருந்தது. அவர்களுக்குக் கீபோர்ட் நிஷாதமும் தெரியாது, கமக நிஷாதமும் பழக்கமில்லை. ஒட்டுகிறதா இல்லையா என்பதை மட்டும் கேட்டுப் பாடினார்கள்.

காரைதீவில் பிறந்து கல்லடியில் துயிலும் சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையில் நரம்புகள் எனப்பட்ட சுரங்களின் உறவை அதிர்வு விகிதக் கணக்கோடு ஆராய்ந்தார். நின்ற நரம்புக்கு ஐந்தாவதைக் கிளை என்றும் நான்காவதை நட்பு என்றும் உறவு வைத்துப் பேசிய மரபு அது. இசையைக் கணக்கால் அணுகுவது இவ்வூருக்குப் புதிதன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அந்த நூல் கைகொடுத்தது. ஒவ்வொரு குரலையும் மற்றதன் உறவாகப் பார்க்கும் பழக்கமும் அதிலிருந்தே வந்தது: ஒத்திகையில் லீட்டோடு ஒரு குரல் மட்டும் சேர்ந்து பாட, ஏனைய இரண்டும் வாய்மூடிக் கேட்பது நிலையான வழக்கமாயிற்று. பார்பர்ஷொப் பயிற்சியில் இது உலகெங்கும் கையாளப்படும் முறைதான். எனினும் இங்கே அதை ஏற்க வைத்தது உறவு என்ற எண்ணமே.

சொல் ஒலிக்கும் முறை

சுருதி கூடிய பின்பும் தமிழ்ப் பாடலில் கோர்ட் சில அசைகளில் கலைந்தது. ஆங்கிலப் பயிற்சித் துணுக்குகளில் இல்லாத குறை தமிழில் ஏன் வர வேண்டும் என்று தேடியபோது, எல்லோருக்கும் தாய்மொழியாக இருப்பதே காரணம் என்று தெரிந்தது. எவரும் தம் உச்சரிப்பைச் சரிபார்க்கவில்லை. சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரத்தை நகரத்துப் பிள்ளைகள் இதழ் குவித்து முழு உகரமாகப் பாடினர். படுவான்கரைப் பிள்ளைகள் பேசுவதைப் போலவே இதழ் குவியாமல் பாடினர். ஐகாரத்திலும் அப்படியே: ஒருவர் ‘அய்’ என்றும் மற்றவர் ‘எய்’ என்றும் நீட்டினர். வாயின் வடிவம் மாறினால் குரலில் எந்த மேற்றொனி (அடிப்படை அதிர்வின் மடங்கு) ஓங்கும் என்பதும் மாறும். சுருதி சரியாக இருந்தாலும் மணி நாதம் எழாது. குற்றியலுகரத்தை நீட்டுவதே இல்லை, அதற்கு முந்தைய உயிரை நீட்டி உகரத்தைக் கடைசிக் கணத்தில் தொட்டுவிடுவது என்றும், ஐகாரத்தில் அகரத்தைப் பிடித்து நின்று முடிவில் மட்டும் யகரத்தை மூடுவது என்றும் விதி செய்தோம். மகர ஒற்றில் முடியும் சொற்கள் பெரிய வரமாக அமைந்தன. வாயை மூடிய பின்னும் கோர்ட் தொடர்ந்து ஒலித்தது.

எந்தப் பாட்டை எடுப்பது என்பதில் நீண்ட விவாதம் நடந்தது. கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலை நான்கு குரலில் அமைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். சடங்கோடும் அதைப் பாடும் உரிமையுள்ளவர்களோடும் பிணைந்த பாட்டை மேடைக்கு இழுப்பது தகாது என்று கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகளே மறுத்துவிட்டனர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வழிவழியாகப் பாடப்படும் ஊஞ்சல் பாட்டு ஒன்றைத் தேர்ந்தனர். பார்பர்ஷொப் அமைப்புக்கு மெட்டு கோர்ட்டிலிருந்து கோர்ட்டுக்கு நகர இடம் தர வேண்டும். ஒரே ஆதார சுருதியைச் சுற்றிச் சுழலும் மெட்டில் நான்கு குரலும் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த ஊஞ்சல் பாட்டின் முதல் இரண்டு அடிகளும் அப்படித்தான் இருந்தன. அவற்றை லீட் மட்டும் பாட, மற்ற மூவரும் மகர ஒலியில் சுருதியாக நிற்பதென்றும், மெட்டு மேலேறும் மூன்றாம் அடியில் நான்கு குரலும் விரிவதென்றும் அமைத்தார் ஓகன் வாசிக்கும் இளைஞர். தூய பார்பர்ஷொப் நடுவர் ஒருவர் அந்த முதல் இரண்டு அடிகளை ஏற்றுக்கொள்ள மாட்டார். பாட்டுக்கு அது பொருந்தியது.

மேடையும் நடைமுறையும்

முதல் நிகழ்ச்சி நத்தார் காலத்தில், திறந்த வெளியில் நடந்தது. ஒலியமைப்பாளர் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனி மைக் வைத்து, எதிரொலியும் சேர்த்துவிட்டார். இவ்விசையில் பேஸ் அகன்றும் டெனர் மிகச் சன்னமாகவும் கூம்பு போல ஒலி அமைய வேண்டும். அன்று டெனரே எல்லாவற்றையும் மூடியது. அடுத்த நிகழ்ச்சியைப் பாடசாலை மண்டபமொன்றில் வைத்து, மைக் வேண்டாம், பாடும் நேரத்துக்கு மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். கச்சான் காற்று வீசும் மாதம். வெக்கையில் சபை பொறுமையாக இருந்தது. கடைசி வரிசை வரை கோர்ட் கேட்டது.

அந்த மண்டப ஒத்திகைக்கு வந்திருந்த ஓர் அண்ணாவியார் சொன்னதை இங்கே குறிப்பிட வேண்டும். “தம்பிமார், பாட்டு நல்லாத்தான் இரிக்கி. ஆனா நீங்க ஒராள ஒராள் பார்த்துப் பாடுறீங்க, சபையப் பார்த்துப் பாடல்ல.” அவர் சொன்னபின் நிற்கும் வரிசையைப் பிறை வடிவாக மாற்றினோம். குரல் கேட்பதற்கு அருகில் நிற்கவும் வேண்டும், முகம் சபைக்குத் திரும்பவும் வேண்டும். பிறை வடிவம் இரண்டையும் தந்தது.

பயிற்சி நேரமே மிகப் பெரிய நடைமுறைச் சிக்கல். சனிக்கிழமை முழுவதும் ரியூஷன்; ஞாயிறு காலையில் பூசையும் ஆராதனையும். எஞ்சியது ஞாயிறு பிற்பகல் மட்டுமே, அதிலும் மண்முனைப் பாலம் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போக வேண்டியவர்கள் பஸ்ஸைப் பிடிக்க முன்னதாகவே எழுந்துவிடுவார்கள். எனவே வீட்டுப் பயிற்சிக்கு ஒலிப்பதிவுகள் செய்தோம்: காதில் மாட்டினால் ஒரு பக்கம் தமக்குரிய குரல் மட்டும், மறு பக்கம் மற்ற மூன்றும். அவை வாட்ஸ்அப்பில் போயின. இசைக்குறியீடு படிக்கத் தெரியாதவர்கள் இதனால் பின்தங்கவில்லை. ஆனால் ஒலிப்பதிவை மட்டும் நம்பியவர்கள் ஒத்திகையில் அதன் சுருதியோடு பாடினார்களே தவிர அருகில் நின்றவரோடு பாடவில்லை. ஆகவே பாட்டின் சொல்லும் தத்தம் குரலின் போக்கும் பாடமாகும் வரை மட்டும் ஒலிப்பதிவைக் கேட்பதென்றும், அதன்பின் அழித்துவிடுவதென்றும் ஒப்புக்கொண்டனர்.

இன்றைய நிலையில் பேஸ் பாடிய இருவர் குழுவில் இல்லை. ஒருவர் வெளி மாவட்டப் பல்கலைக்கழகத்துக்கும் மற்றவர் கட்டாருக்கும் போய்விட்டனர். மூன்று பாட்டுகள் பாடமாக இருந்தும் மேடைக்குப் போக முடியாமல் இருப்பது இதனால்தான். குரல் உடைந்து முடிந்த பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர்களை இரண்டு பாடசாலைகளில் கேட்டுத் தேர்ந்து வருகிறோம். அவர்களுக்காக நான்கு குரலையும் ச, ரி, க, ம எழுத்துகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிய தாள்களை வயலின் மாணவி தயாரித்துக்கொண்டிருக்கிறார். தாழ்த்திப் பாட வேண்டிய நிஷாதத்துக்கு மட்டும் எழுத்தின் கீழே ஒரு கோடு இடுகிறார். ஊஞ்சல் பாட்டுக்கான தாள் முடிந்துவிட்டது. மற்ற இரண்டும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு புதியவர்கள் வரும்போது அவர்கள் கையில் இருக்க வேண்டும்.